இருபத்தேழு ஆட்டைத் தின்ற ஒற்றுமை

'ஓநாய் ஆடு தின்னும்' என்று எழுதுவதா, 'ஓநாய் ஆட்டிறைச்சி உட்கொள்ளும்' என்று எழுதுவதா என்று ஹால்வர் மோன் காலை எட்டு மணியிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தார். இப்போது மணி ஒன்பதே முக்கால். 'உட்கொள்ளும்' என்றால் கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது. ஆனால் ஆட்டைப் பறிகொடுத்தவன் படித்தால், இவரே ஓநாய்க்குப் பந்தி வைத்துப் பரிமாறினார் என்று நினைப்பான்.

ஹால்வர் கதை கவிதை எழுதுகிறவர் இல்லை. நகராட்சிச் செயலாளர். இருபத்திரண்டு வருடமாகத் தீர்மானமும் நடவடிக்கைக் குறிப்பும் எழுதி, யாருக்கும் எந்த உணர்ச்சியும் வராமல் பார்த்துக்கொண்டவர். அப்படிப்பட்டவரிடம் மேயர் தூரிட் ஒரே ஒரு பக்கம் கேட்டிருந்தார்.

"ஓநாய், நரி. இந்த ரெண்டுக்கும் நேர்ப் பொருள் என்ன, உருவகப் பொருள் என்ன, பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு ஒப்பீடு. ஒரே பக்கம். யார் மனசும் புண்படக் கூடாது."

"யார் மனசும்னா?"

"யார் மனசும்" என்றார் மேயர். "ஓநாய் மனசு உட்பட."

விஷயம் இதுதான். மலைப்பக்கம் ஸ்கோர்டால் என்று ஒரு நகராட்சி, கடலோரம் லாங்விகா என்று ஒரு நகராட்சி. இரண்டிலும் நகரம் என்று சொல்ல எதுவும் கிடையாது. ஆட்சி மட்டும் தாராளமாக இருந்தது. மேலே ஆடு, கீழே மீன். இரண்டு ஊருக்கும் முந்நூறு வருடமாக ஆகாது. ஏன் ஆகாது என்பது எல்லாருக்கும் மறந்துபோய்விட்டது. ஆகாது என்பதை மட்டும் ஒருவர்கூட மறக்கவில்லை. போன வருடம் ஆஸ்லோவில் உட்கார்ந்திருந்த புண்ணியவான்கள் வரைபடத்தைப் பார்த்தார்கள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள், சேர்த்து வைத்துவிட்டார்கள். நோர்வேயில் பெற்றோர் பார்த்து வைக்கும் கல்யாணம் ஒழிந்து நூறு வருடமாயிற்று. நகராட்சிகளுக்கு இன்னும் ஒழியவில்லை.

சேர்ந்த நகராட்சிக்கு மன்றத்தில் இருபத்தொரு பேர். மேலே பத்து, கீழே பத்து, நடுவில் மேயர் தூரிட். இரண்டு பக்கமும் அவரைச் சம அளவில் வெறுத்ததால் அவர் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பழைய சின்னங்கள் இரண்டு இருந்தன. மேலே ஆட்டு மயிர் வெட்டும் கத்தரி, கீழே ஒரு மத்தி மீன். கத்தரியைக் கீழே ஒப்பவில்லை, மீனை மேலே ஒப்பவில்லை. புதுச் சின்னம் வேண்டும். மே பதினேழு, தேசிய தின ஊர்வலத்தில் புதுக்கொடி பறந்தாக வேண்டும்.

இதற்காக ஆஸ்லோவிலிருந்து ஆலோசகர்கள் வந்தார்கள். வெள்ளைக் காலணியோடு பனிச்சேற்றில் இறங்கினார்கள், சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டினார்கள், இரண்டு நாள் கழித்து "ஓநாய்" என்றார்கள். ஓநாய் கூட்டமாக வேட்டையாடும், ஆகவே ஒற்றுமை. அவர்கள் ஓநாயை மிருகக்காட்சிசாலையில் பார்த்தவர்கள். ஸ்கோர்டால்காரர்கள் அதை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்திருந்தார்கள். போன ஆகஸ்டில் குத்தோர்ம் என்ற மன்ற உறுப்பினரின் இருபத்தேழு ஆடுகளை ஒரு ஓநாய் கிழித்துப் போட்டிருந்தது.

லாங்விகாவுக்கு ஓநாய் உடனே பிடித்துவிட்டது. அது மீன் தின்னாது. அதைவிட முக்கியம், அது ஸ்கோர்டாலுக்குப் பிடிக்காது.

பதிலுக்கு ஸ்கோர்டால்காரர்கள் நரியை முன்மொழிந்தார்கள். நரியின் மேல் அவர்களுக்குப் பாசம் ஒன்றுமில்லை. லாங்விகாவின் தலைவர் சீவர்ட்டை உள்ளூர்ப் பத்திரிகை முப்பது வருடமாகக் 'கிழட்டு நரி' என்று எழுதி வந்தது. முப்பது வயதிலிருந்தே கிழடு.

ஹால்வருக்கு இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நகராட்சி ஒன்றானதால் செயலாளர் பதவியும் ஒன்றுதான். ஆள் இரண்டு. மேலே ஹால்வர், கீழே இங்வே. மேயர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்: "இந்தச் சின்ன விவகாரத்தை ஹால்வர் முடிச்சார்னா பதவி ஹால்வருக்கு. முடியலைன்னா இங்வே." ஹால்வருக்கு வயது நாற்பத்தெட்டு. ஓநாய்க்கும் நரிக்கும் நடுவில் வேலையை விட்டவன் என்று வெளியே சொல்லி எவனிடம் போய் வேலை கேட்பது? இங்வேயோ போன வாரம் ஏதோ காகிதம் கொடுக்க வந்தவன், போகிறபோக்கில் ஹால்வர் அறை ஜன்னலுக்கு அளவு எடுத்துக்கொண்டு போனான். திரைச்சீலைக்காம்.

ஒன்பது ஐம்பதுக்கு ஹால்வர் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்து உணவகத்துக்குப் போனார்.

உணவகத்தை நடத்துவது போர்கில்ட். அறுபது வயது, பெரிய உருவம், சின்னக் குரல். அந்தக் கட்டடத்தில் எது உடைந்தாலும் ஆள்கள் முதலில் அவளிடம்தான் வந்து புலம்புவார்கள்.

"என்ன தம்பி, முகம் இப்படித் தொங்குது?"

"அக்கா, ஓநாய் ஆடு தின்னுமா, உட்கொள்ளுமா?"

போர்கில்ட் வாஃபிள் அச்சை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தாள். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் ஓநாய், வலது பக்கம் நரி. மேலே நேர்ப் பொருள், கீழே உருவகப் பொருள்.

"இதுல வம்பு எங்கேன்னு பாரு" என்றாள். "ஓநாய்க்கு நேர்ப் பொருள் சொன்னா குத்தோர்முக்குக் கோபம் வரும். நரிக்கு உருவகப் பொருள் சொன்னா சீவர்ட்டுக்குக் கோபம் வரும். வம்பு பிடிச்ச ரெண்டு கட்டத்தையும் காலியா விட்டுடேன். மீதி ரெண்டும் யாரை என்ன பண்ணப்போகுது?"

ஹால்வருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருட அனுபவத்துக்கு வராத யோசனை, மாவு கரைக்கிற இடத்தில் கிடைக்கிறதே!

"நீங்க மேலே இருக்கவேண்டிய ஆள் அக்கா."

"எனக்கு இங்கேயே இருந்தா போதும்" என்றாள் போர்கில்ட். "வாஃபிளுக்கு ஜாம் வைக்கட்டா, பழுப்புச் சீஸ் வைக்கட்டா?"

மார்ச் மாதக் கூட்டம் லாங்விகாவில் நடந்தது. ஒரு மாதம் மேலே, ஒரு மாதம் கீழே என்று ஏற்பாடு. ஒப்பீட்டை எல்லாருக்கும் கொடுத்தார்கள். ஓநாய்: வீரம், ஒற்றுமை, குடும்பப் பாசம், விடாமுயற்சி. நரி: செந்நிற ரோமம், ஆறு கிலோ எடை, எலி, வண்டு, காட்டுப் பழம், குப்பைத்தொட்டி. ஹால்வர் மனசாட்சி உள்ள மனிதர் என்பதால் கடைசியில் 'சில சமயம் சொறி வரும்' என்றும் சேர்த்திருந்தார்.

குத்தோர்ம் எழுந்து நின்றான். ஆறடி மூன்றங்குலம். காகிதத்தைக் கையை நீட்டி எட்டப் பிடித்துக்கொண்டு படித்தான்.

"ஹால்வர், உன்னை நம்ம ஊர்க்காரன்னு நினைச்சேன். ஓநாய்னா வீரம், ஓநாய்னா ஒற்றுமை. பல்லு இருக்குன்னு ஒரு வார்த்தை இருக்கா இதுல? என் இருபத்தேழு ஆட்டைத் தின்னது யாருப்பா? ஒற்றுமையா?"

"குத்தோர்ம், அது உருவகம்…"

"உருவகமா? குடலை வெளியே இழுத்துப் போட்டிருந்துது உன் உருவகம்! நான் பை கொண்டுபோய்ப் பொறுக்கினேன்!"

லாங்விகா பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். ஆனால் அவர்கள் சிரிப்பும் நீடிக்கவில்லை. சீவர்ட் எழுந்திருக்காமலே பேசினார். அவர் எப்போதும் எழுந்திருப்பதில்லை; மற்றவர்கள் குனிவார்கள்.

"ஹால்வர், ஒரு சந்தேகம். நரின்னா தந்திரம்னு குழந்தைக்குக்கூடத் தெரியும். நீ எழுதலையே, ஏன்?"

"யார் மனசும் புண்படக் கூடாதுன்னுதான்…"

"நரி தந்திரம்னு எழுதினா இங்கே யார் மனசு புண்படும்?"

ஹால்வர் மிச்சமிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். இருபது பேரும் சீவர்ட்டைப் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டார்கள்.

"அந்தக் காலிக் கட்டத்துல என் படத்தையே ஒட்டியிருக்கலாம்" என்றார் சீவர்ட். "சொறி மட்டும் மறக்காம போட்டிருக்கே. ரொம்ப நன்றி."

மறுநாள் காலை பத்து மணிக்கு ஹால்வர் உணவகத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தப்பு என்னோடதுதான் தம்பி" என்றாள் போர்கில்ட், மிகவும் வருத்தமாக. "ஓநாய்க்குப் புகழ், நரிக்குச் சொறின்னு ஆயிடுச்சு. மாத்திப் போடு. ஓநாய்க்கு நேர்ப் பொருள் மட்டும், மழுப்பாம. குத்தோர்முக்கு அதுதானே வேணும்? நரிக்கு உருவகம் மட்டும், ஆனா எல்லாம் பாராட்டா. தந்திரம்னு போடாதே, புத்திசாலித்தனம்னு போடு. சீவர்ட் குளிர்ந்துடுவார்."

இதிலும் ஒரு குறை சொல்ல முடியவில்லை. ஹால்வர் வனவிலங்குக் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினார். ஓநாய்: 'சில வேளைகளில் தன் தேவைக்கு மேலும் கொல்லும்.' நரி: 'புத்திசாலி. பலசாலிகளை மோதவிட்டு மீதியைத் தான் அடையும். அதிகம் உழைக்காமலே நன்றாக வாழும்.' கடைசி வாக்கியத்தை அவர் உண்மையாகவே பாராட்டு என்று நினைத்தார். அவருக்கே அப்படி வாழ ஆசை.

இந்த முறை கூட்டம் மேலே. முதலில் குத்தோர்ம் முகம் மலர்ந்தது. பிறகு கீழே படித்தான். சத்தம் போட்டுப் படித்தான்.

"'அதிகம் உழைக்காமலே நன்றாக வாழும்.' ஏம்ப்பா, இது நரியைப் பத்தியா, சீவர்ட்டோட வாழ்க்கை வரலாறா?"

மேல்பக்கத்துப் பத்துப் பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருத்திக்குப் புரையேறியது.

சீவர்ட் சிரிப்பு முடியும்வரை காத்திருந்தார். "மேயரம்மா" என்றார். "ஓநாய் வேணும்னு கேட்டது நாங்க. அதனால ஓநாய் தேவைக்கு மேல கொல்லும்னு எழுதியிருக்கு. இது நாங்க அளவுக்கு மேல மீன் பிடிக்கறோம்ங்கிற குத்தல்னு எங்க ஜனங்க எடுத்துப்பாங்க. எடுத்துப்பாங்கன்னு நானே போய்ச் சொல்லப்போறேன்."

கூட்டம் முடிந்ததும் மேயர் ஹால்வரைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இங்வேகிட்ட குடுத்துடலாமா?"

"இன்னும் ஒரு வாய்ப்பு…"

"இங்வே நாலு நாள்ல முடிச்சுடறேன்கிறார். ஜன்னலைப் பத்தியும் ஏதோ கேட்டார். எனக்குப் புரியலை."

ஹால்வருக்குப் புரிந்தது. நேரே கீழ்த்தளத்து உணவகத்துக்குப் போனார்.

"மன்றத்துல இருக்கிறவங்க இருபது பேர்" என்றாள் போர்கில்ட், காபியை ஊற்றிக்கொண்டே. "அவங்க சண்டைக்காரங்க. ஜனங்க நல்லவங்கதானே? பொதுக் கருத்துக் கேட்புக்கு அனுப்பு. ஜனங்க சொல்லிட்டாங்கன்னா குத்தோர்ம் என்ன பண்ணுவான், சீவர்ட் என்ன பண்ணுவார்?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். இந்த நாட்டில் யாரும் யாரையும் கேட்காமல் எதையும் செய்வதில்லை. ஒரு பெஞ்சை இடம் மாற்றவேண்டுமென்றால்கூட, பெஞ்சைத் தவிர எல்லாரிடமும் கருத்துக் கேட்பார்கள். வந்த ஒவ்வொரு கருத்துக்கும் செயலாளர் கைப்படப் பதில் எழுதவேண்டும். எப்போதும் பத்துப் பன்னிரண்டு கடிதம் வரும். பாதி மேற்படி பெஞ்சில் உட்காருகிறவர்களிடமிருந்து. ஹால்வர் அந்தக் கணக்கில்தான் அனுப்பினார்.

முந்நூற்றுப் பதினாறு கடிதங்கள் வந்தன.

பாதிரியார் எழுதியிருந்தார்: வேதாகமத்தில் ஓநாய் என்றால் கள்ளத் தீர்க்கதரிசி, நரி என்றால் திராட்சைத் தோட்டத்தை அழிப்பது, ஆட்டுக்குட்டியைப் பரிசீலிக்கலாம். வேட்டைக்காரர் சங்கம் கேட்டிருந்தது: நரியை வருடத்தில் ஒன்பது மாதம் சுடலாம், சின்னமான பிறகு அலுவலக வாசல் பலகையையும் சுடலாமா? மழலையர் பள்ளியிலிருந்து பத்தொன்பது ஓவியம் வந்தது, பத்தொன்பதும் ஒற்றைக்கொம்புக் குதிரை. வனவிலங்கு ஆராய்ச்சி செய்யும் ஒரு அம்மாள் எட்டுப் பக்கம் எழுதியிருந்தார். ஓநாய்க்கு வீரம் கிடையாது, அது கூச்ச சுபாவம். ஓநாய்க் கூட்டம் என்பது ஒற்றுமை அல்ல, அப்பா அம்மா பிள்ளைகள், அவ்வளவுதான். நரிக்குத் தந்திரமும் கிடையாது, புத்திசாலித்தனமும் கிடையாது, வெறும் பசி. 'இந்த உருவகங்கள் எல்லாம் மனிதர்களைப் பற்றியவை. தயவுசெய்து மிருகங்களை இதில் இழுக்காதீர்கள்.'

போதாக்குறைக்கு மொழிச் சங்கம். நோர்வேயில் எழுத்து மொழி இரண்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒப்பீடு மேல் மொழியில் மட்டும் இருப்பதாகக் கீழே புகார். கீழ் மொழியிலும் எழுதினார். உடனே மேலே புகார்: கீழ் மொழியில் ஓநாய்க்கு ஒரு வரி கூடுதலாக இருக்கிறதாம். ஹால்வர் அளவுகோலை வைத்து அளந்தார். இருந்தது.

வீட்டில் காலைச் சாப்பாட்டின்போது மனைவி மாரிட் சொன்னாள்: "நேத்துத் தூக்கத்துல என்னை உருவகம்னு கூப்பிட்டே."

"பாராட்டாத்தான் சொல்லியிருப்பேன்."

"பதவி போனா போகட்டும் ஹால்வர். எங்கண்ணன் மரக் கடையில இடம் இருக்கு."

"உங்கண்ணன் கடையில வேலைக்குப் போறதுக்கு நான் ஓநாய் வாயிலேயே போவேன்" என்றார் ஹால்வர். இதை உருவகமாகச் சொல்லவில்லை.

இதற்குள் மே பிறந்துவிட்டது. எல்லைப் பலகையில் யாரோ நரிக்குச் சீவர்ட்டின் கண்ணாடியை மாட்டி வரைந்திருந்தார்கள். பதிலுக்கு யாரோ குத்தோர்ம் வீட்டு அஞ்சல்பெட்டியில் பொம்மை ஆடு ஒன்றைத் தலையில்லாமல் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியக் குழு இரண்டாகப் பிரிந்து, மேல்பக்கத்துக்கு முரசும் கீழ்பக்கத்துக்கு ஊதுகுழலும் போய்ச் சேர்ந்தன. அவர்கள் தனித்தனியாகப் பயிற்சி செய்வதைக் கேட்டவர்கள் ஓநாயே மேல் என்றார்கள்.

போர்கில்ட்தான் மறுபடியும் கைகொடுத்தாள்.

"ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதே தப்பு தம்பி. ரெண்டையும் சேர்த்து ஒரே மிருகமா வரையச் சொல்லேன். ஓநாய்த் தலை, நரி வால். பாதி உங்களுது, பாதி எங்களுதுன்னு ரெண்டு பக்கமும் சந்தோஷமா எடுத்துக்கும்."

"அக்கா, அப்படி ஒரு மிருகமே கிடையாதே?"

"ஒண்ணாச் சேர்ந்த நகராட்சி மட்டும் இருந்துதா என்ன?" என்றாள் போர்கில்ட். "அதையே வரைபடத்துல வரைஞ்சுட்டாங்க."

ஹால்வர் எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றே ஓவியரிடம் சொல்லி வரையச் சொன்னார். சின்னம் என்றால் இரண்டே நிறம், ஒரே மிருகம், பக்கவாட்டில் நிற்கவேண்டும் என்பது விதி. நீலத்தில் வெள்ளை. ஓநாயின் தலை கம்பீரமாக முன்னால் பார்த்தது. நரியின் வால் பின்னால் புசுபுசுவென்று எழுந்து நின்றது. ஹால்வருக்கே பெருமையாக இருந்தது. மேயர்கூட "அட" என்றார். அவர் அந்த வருடத்தில் சொன்ன மிக நல்ல வார்த்தை அதுதான்.

மே ஒன்பதாம் தேதி, கீழே முறை வருமுன் ஓர் அவசரக் கூட்டம், மேல் கட்டடத்து மன்ற அறையில். ஹால்வர் திரையை விலக்கினார். இருபது பேரும் பார்த்தார்கள். ஹால்வர் மனதுக்குள், இருபத்திரண்டு வருடமாகப் பார்த்த தன் அறை ஜன்னலை இன்னும் இருபது வருடம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு" என்றார் சீவர்ட். "இதுல நாங்க எந்தப் பக்கம்?"

ஹால்வர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. அவசரத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார். "ஓநாய் நீங்க கேட்டது. அதனால தலை லாங்விகா. நரி ஸ்கோர்டால் கேட்டது. அதனால வால்…"

"வாலா?" என்று குத்தோர்ம் எழுந்தான். "எங்களுக்கு வாலா? முந்நூறு வருஷமா மேலே உட்கார்ந்திருக்கிற ஊருக்கு, பின்பக்கமா?"

"சரி, மாத்திக்கலாம்" என்றார் ஹால்வர் பதறிப்போய். "ஓநாய் மலையில இருக்கிற மிருகம், அதனால தலை ஸ்கோர்டால். நரி கீழ்ப்பக்கம்…"

"என் ஆட்டைத் தின்ன தலையை எனக்கே குடுக்கறியா?"

"அப்போ வால் எங்களுக்கா?" என்றார் சீவர்ட். அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக எழுந்து நின்றார். "அதுவும் நரி வால்!"

"வேணும்னா வயித்தை நடுவுல வெச்சு…" என்று ஹால்வர் ஆரம்பித்தார்.

"வயிறு யாருக்கு?" என்று இருபது பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அதற்கப்புறம் நடந்ததை ஹால்வர் குறிப்பேட்டில் எழுதவேண்டியிருந்தது. அவர் எழுதிய வேகத்தில் அந்தப் பக்கத்தை இன்றும் யாராலும் சரியாகப் படிக்கமுடியாது. சீவர்ட் ஒரு தீர்மானம் முன்மொழிந்தார்: நகராட்சியைப் பழையபடி இரண்டாகப் பிரிக்க அமைச்சகத்துக்கு விண்ணப்பிப்பது. குத்தோர்ம் வழிமொழிந்தான். முந்நூறு வருடத்தில் மேல்பக்கத்துக்காரன் கீழ்பக்கத்துக்காரனை வழிமொழிந்தது அதுதான் முதல் தடவை. வாக்கெடுப்பில் இருபது கைகள் உயர்ந்தன. கொஞ்சம் யோசித்து மேயர் தூரிட்டும் கையை உயர்த்தினார்.

"இருபத்தொன்று" என்றார். "ஒருமனதாக. இதைத்தானே எதிர்பார்த்தோம், ஒற்றுமை."

சீவர்ட்டும் குத்தோர்மும் கைகுலுக்கினார்கள். குத்தோர்ம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மேல்பக்கத்துக்காரர்கள் கீழ்பக்கத்துக்காரர்களைத் தோளில் தட்டி, இனிமேல் வரவே வராதீர்கள் என்று அன்பாக வழியனுப்பினார்கள். கத்தரிக் கொடியும் மத்திக் கொடியும் பரணில் பத்திரமாக இருக்கின்றன என்று யாரோ சொல்ல, கைதட்டல் எழுந்தது.

ஹால்வர் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு மிருகத்தை முடித்துக் கொடு என்றால் ஒரு நகராட்சியையே முடித்துவிட்டார். மச்சான் கடையில் மரப்பலகை தூக்கும் காட்சி கண்முன்னால் வந்தது. மச்சான் பின்னாலிருந்து "செயலாளரே, அந்த ஆணியை எடுங்க" என்று சொல்வதும் காதில் கேட்டது.

யாரோ பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார்கள். பார்த்தால் இங்வே.

"ஹால்வர்! நீ தெய்வம்ப்பா!"

"கிண்டல் பண்ணாதே இங்வே. ஜன்னலை எடுத்துக்கோ."

"எந்த ஜன்னல்? எனக்கு எதுக்கு உன் ஜன்னல்? ரெண்டு நகராட்சின்னா ரெண்டு செயலாளர்! நீ மேலே, நான் கீழே, பழையபடி! ஒருமனதாக் கேட்டா அமைச்சகம் மறுக்காதுன்னு மேயரே சொல்லிட்டாங்க."

ஹால்வருக்கு இது தலையில் இறங்க ஒரு நிமிடம் ஆயிற்று. இறங்கியதும் அவர் இங்வேயைத் திருப்பிக் கட்டிப்பிடித்தார். இருவரும் கொஞ்சநேரம் அப்படியே நின்றார்கள். பிறகு நோர்வேக்காரர்கள் என்பது நினைவுக்கு வந்து விலகிக்கொண்டார்கள்.

படியில் இரண்டிரண்டாகத் தாவி ஹால்வர் உணவகத்துக்கு ஓடினார். போர்கில்ட் அச்சில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! பிரிஞ்சாச்சு! என் வேலை பிழைச்சுது!"

"கேட்டுது தம்பி. கைதட்டற சத்தம் இங்கே வரைக்கும் வந்துது."

ஹால்வர் மூச்சு வாங்க உட்கார்ந்தார். சந்தோஷத்தில் அவருக்கு எல்லார் மேலும் இரக்கம் சுரந்தது. குறிப்பாக இந்தப் பெண்மணி மேல். பாவம், சொன்ன யோசனை நாலும் நாலு விதமாகப் பாழாய்ப் போயிருக்கிறது. அதற்காக அவள் மனசு கஷ்டப்படக் கூடாது.

"நீங்க ஒண்ணும் வருத்தப்படாதீங்க அக்கா" என்றார், அவள் கைமேல் தட்டிக்கொடுத்து. "நீங்க நல்ல மனசோடதான் சொன்னீங்க. ஒவ்வொண்ணும் தப்பாப் போனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? மன்றம், அரசியல், இதெல்லாம் உள்ளே இருக்கிற எங்களுக்கே புரியறதில்லை. உங்களுக்கு எப்படிப் புரியும்?"

போர்கில்ட் வாஃபிளை எடுத்துத் தட்டில் வைத்து, ஜாமும் வைத்து, சீஸும் வைத்து, அவர் முன்னால் தள்ளினாள்.

"புரியாம என்ன தம்பி? ஒரே நகராட்சிக்கு ஒரே உணவகம் போதும், இதை ஜூன்ல மூடிடறோம்னு பிப்ரவரியிலே எனக்கு ஒரு கடிதாசி வந்துதே, உன் கையெழுத்தோட; அதைப் படிச்ச அன்னைக்கே புரிஞ்சுபோச்சு, நகராட்சி ரெண்டானாத்தான் உணவகமும் ரெண்டா இருக்கும்னு."